100 கிலோ நெல்லுக்கு எத்தனை கிலோ அரிசி? டெல்டா ரைஸ் மில்கள் போட மறந்த ஈரக் கணக்கு!

2025 அக்டோபரில் உங்க போனுக்கும் அந்த போட்டோக்கள் வந்திருக்கும். கொள்முதல் நிலையத்துக்கு வெளியே ரோட்டோரமா குவிச்ச நெல், மேலே தார்ப்பாய், அதைத் தூக்கிப் பார்த்தா பச்சையா முளைவிட்டு நிக்கிற மணிகள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைனு டெல்டா முழுக்க இதே காட்சி. ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணை சரியான நேரத்துக்குத் திறந்து, குறுவை நல்லா விளைஞ்சு, அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒண்ணா வந்து நின்ன மாதம் அது.

அப்போ டிவி விவாதங்களில் திரும்பத் திரும்ப அடிபட்டது ஒரு எண். 17. அரசு கொள்முதல் செய்யும் நெல்லில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. 2022 அக்டோபரில் இதே மாதிரி மழை பெய்தபோது 19 வரை தளர்த்தினாங்க. இந்த முறை தமிழ்நாடு அரசு 22 கேட்டது. மத்தியக் குழுக்கள் டெல்டாவுக்கு வந்து சாம்பிள் எடுத்துப் போனாங்க. நவம்பரில் வந்த பதில், முடியாது என்பது.

அந்த அரசியலை இங்கே பேசப்போறதில்லை. 17-க்கும் 22-க்கும் நடுவில் இருக்கும் அந்த 5 சதவிகிதம், கொள்முதல் நிலையத்தோட மட்டும் நிக்கிறதில்லை. ஊருக்கு ஊர் இருக்கும் சின்ன ரைஸ் மில்லுக்குள்ளேயும் அது தினம் நுழையுது. அரசாங்கத்துக்காவது மீட்டர் வெச்சுப் பார்க்க ஆள் இருக்காங்க. நம்ம ஊர் மில்லில் அந்த ஈரத்தை யார் எண்ணுறாங்க?

தண்ணிக்கு நெல் விலை

டெல்டாவில் புழுங்கல் அரிசி மில் நடத்துறவங்ககிட்ட ஈரப்பதம் பத்திப் பேசினா, அடிக்கடி வரும் பதில் இது. "எப்படியும் தொட்டியில் ஊறப் போட்டு, அவிச்சு, அப்புறம்தானே காயவைக்கப் போறோம்? வர்றப்போ ஈரமா இருந்தா என்ன?"

கேட்கும்போது சரின்னுதான் தோணும். ஊறின நெல்லில் எப்படியும் 30 சதவிகிதத்துக்கு மேல் ஈரம் ஏறிடும். ஆனா பிரச்னை தொட்டியில் இல்லை, தராசில் இருக்கு. நெல்லை வாங்கும்போது நாம காசு கொடுப்பது எடைக்கு. அந்த எடையில் தண்ணியும் சேர்த்தி.

போனில் கால்குலேட்டரைத் திறந்து நீங்களே போட்டுப் பாருங்க. 17% ஈரம் உள்ள 100 கிலோ நெல்லில், தண்ணி போக மிச்சம் 83 கிலோ. அதை அரைக்கும் பக்குவமான 14 சதவிகிதத்துக்குக் காயவைத்தால் சுமார் 96.5 கிலோ நிற்கும். 22% ஈரமுள்ள 100 கிலோவில் மிச்சம் 78 கிலோதான். 14-க்கு வரும்போது அது 90.7 கிலோ ஆகிடும். அரசு அரவைக்குப் புழுங்கல் அரிசியில் 68 சதவிகிதம் திருப்பிக் கேட்கும். அதே விகிதத்தை இந்தக் காய்ந்த நெல்லுக்குப் போட்டால், முதல் நெல்லில் 65.6 கிலோ அரிசி, இரண்டாவதில் 61.7 கிலோ. ஒரே தராசு, ஒரே 100 கிலோ, ஆனா கிட்டத்தட்ட 4 கிலோ அரிசி காணோம். யாரும் திருடலை. ஆவியா போச்சு.

இப்போ பணமா மாத்துவோம். 2025-26 சீசனில் சாதாரண ரக நெல்லுக்குத் தமிழ்நாடு அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாயும் சேர்த்து குவிண்டாலுக்கு 2,500 ரூபாயா இருந்தது. 17% ஈரத்துக்கு 2,500 சரியான விலைன்னா, 22% ஈரத்துக்கு ஏறத்தாழ 2,350 ரூபாய்தான் சரி. வித்தியாசம் 150 ரூபாய். தினம் 5 டன், அதாவது 50 குவிண்டால் அரைக்கிற ஒரு சின்ன மில்லை எடுத்துக்கோங்க. மீட்டர் இல்லாம, கையில் அள்ளிப் பார்த்து "பரவாயில்லை, காஞ்சிருக்கு"ன்னு 22-ஐ 17 விலைக்கு வாங்கினா, ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் தண்ணிக்குப் போகுது. ஈரப்பதம் பார்க்கும் கையடக்க மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குது.

இதை எழுதும்போது ஒரு சங்கடமும் இருக்கு. மில்காரர் மீட்டர் வெச்சா, அந்த 150 ரூபாய் விவசாயி கையிலிருந்துதான் போகும். உண்மைதான். ஆனா இப்போ மட்டும் என்ன நடக்குது? மீட்டர் இல்லாத வியாபாரத்தில், மில்காரர் தன் பயத்துக்குச் சேர்த்தே விலையைக் குறைக்கிறார். மூட்டைக்கு ஒண்ணு ரெண்டு கிலோ அதிகமா கேட்கிறதும் உண்டு. நல்லாக் காயவெச்சுக் கொண்டுவந்த விவசாயிக்கும் ஈர நெல் விலைதான் கிடைக்குது. அளவு வந்தா, காயவெச்சவருக்கு அந்த உழைப்புக்கான காசு கிடைக்கணும். கிடைக்கலைன்னா, கேட்கிறதுக்குக் கையில் ஒரு எண்ணாவது இருக்கும்.

கல்லாவில் தெரியாத நஷ்டம்

சின்ன பிசினஸை எடைபோட நம்ம ஊரில் இருக்கும் வழி ஒண்ணே ஒண்ணு. ராத்திரி கல்லாவை எண்ணுறது. நிறைஞ்சிருந்தா நல்ல நாள். ரைஸ் மில்லில் இது ரொம்பவே ஏமாத்தும். ஏன்னா அறுவடை சமயத்தில் நெல் வாங்கக் காசு போகும், அரிசி விற்று வர மாசக்கணக்காகும். அதனால சீசனில் நல்லா ஓடுற மில்லின் கல்லா காலியா இருக்கும். சரக்கைக் கழிச்சுக் கட்டுற மில்லில் கல்லா நிறைஞ்சிருக்கும்.

பணத்துக்கு முன்னாடி பொருளை எண்ணணும். 100 கிலோ நெல் உள்ளே போனா, 100 கிலோவும் வேற வேற பேரில் வெளியே வந்தாகணும். அரிசி, நொய், தவிடு, உமி, கல்லும் தூசியும், ஆவியான தண்ணி. உமி மட்டும் தோராயமா 20 கிலோ. தவிடு ரகத்தையும் பாலிஷையும் பொறுத்து 5-லிருந்து 8 கிலோ. "ஆத்துல போட்டாலும் அளந்து போடு"ன்னு சொன்ன ஊரில், எத்தனை மில்லில் உமியையும் தவிட்டையும் எடை போடுறாங்க? மூட்டை எண்ணிக்கை இருக்கும். எடை இருக்காது. தவிடு தினமும் 8, 9 கிலோன்னு வந்தா பாலிஷ் அதிகமா போகுது, அரிசியைத் தேய்ச்சுத் தவிட்டு விலைக்கு விற்கிறோம்னு அர்த்தம். நொய் ஏறினா காயவைக்கிறதிலோ ரப்பர் ரோலரிலோ கோளாறு. கூட்டினா 100 வரலைன்னா, எங்கேயோ சிந்துது, இல்லை எலி, இல்லை வேற விஷயம். நஷ்டம் எந்த வாசல் வழியா போகுதுன்னு இந்தக் கணக்கு சொல்லும். கல்லா சொல்லாது.

5 டன் மில்லில் ஒரே ஒரு சதவிகிதம் அரிசி கூடுதலா கிடைச்சா தினம் 50 கிலோ. கிலோ 40 ரூபாய்னு வெச்சாலும் 2,000 ரூபாய். வருஷத்தில் 250 நாள் ஓடினா 5 லட்சம். புது மெஷின் வேண்டாம், புது கஸ்டமர் வேண்டாம், ரீல்ஸ் போட வேண்டாம்.

அந்த ஒரு சதவிகிதம் எங்கே ஒளிஞ்சிருக்கு? பெரும்பாலும் காயவைக்கும் களத்தில். அவிச்ச நெல்லை "வெயில் நல்லா அடிக்குது"ன்னு ஒரே மூச்சில் காயவெச்சா, மேல்பக்கம் சட்டுன்னு காய்ஞ்சு உள்ளே ஈரம் நிற்கும். இழுபறியில் மணி உள்ளுக்குள்ளேயே வெடிக்கும். வெளியே ஒண்ணும் தெரியாது. மறுநாள் அரைக்கும்போது நொய்யா கொட்டும். பழியை மெஷின் மேல போடுவோம். 16, 18 சதவிகிதம் வந்ததும் குவிச்சு, சில மணி நேரம் ஆறவிட்டு, உள் ஈரம் பரவினதும் மறுபடி பரப்பிக் காயவைப்பதுதான் முறை. டிரையர் வெச்சிருந்தாலும் இதே இரண்டு கட்டம்தான். களத்தில் காலால் கிளறிவிடுற அக்காக்களுக்கு இது ஆராய்ச்சிக் கட்டுரை படிக்காமலே தெரியும். ஒரு மணியைக் கடிச்சுப் பார்த்து "இன்னும் ஆகலை"ன்னு சொல்லிடுவாங்க. ஆனா மூட்டைக் கணக்கில் கூலி வாங்குறவங்க, சீக்கிரம் முடிக்கச் சொல்ற முதலாளிகிட்ட அதை ஏன் சொல்லப்போறாங்க?

அடுத்தது கலப்படம். கெட்ட அர்த்தத்தில் இல்லை. ஏ.எஸ்.டி 16 குண்டு ரகம். ஏ.டி.டி 43 சன்னம். மழைக்கு பயந்து கிடைச்ச நெல்லையெல்லாம் ஒரே குவியலில் கொட்டினா, ரப்பர் ரோலர் இடைவெளியை எந்த மணிக்கு வைக்கிறது? குண்டுக்கு வெச்சா சன்னம் உமியோட வெளியே வரும். சன்னத்துக்கு வெச்சா குண்டு உடையும். ரகத்துக்கு ஒரு குவியல், குவியலுக்கு ஒரு சீட்டு. இவ்வளவுதான். ஒரு சாக்பீஸ் செலவு.

டொயோட்டா கம்பெனியின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாய்ச்சி ஓனோ பத்தி ஒரு கதை பிரபலம். ஃபேக்டரித் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, மேனேஜரை அதுக்குள்ளே மணிக்கணக்கா நிற்கவெச்சு, "பாரு"ன்னு மட்டும் சொல்லுவாராம். நம்ம மில்லில் அப்படி அரை நாள் நின்னாலே போதும். ஒரு மூட்டை நெல் லாரியிலிருந்து இறங்கி அரிசியாகி வெளியே போறதுக்குள்ள எத்தனை தடவை ஒரு மனுஷன் முதுகில் ஏறுதுன்னு எண்ணுங்க. நாலு போதும்ங்கிற இடத்தில் எட்டு தடவை ஏறினா, மீதி நாலுக்கும் கூலி உண்டு, முதுகுவலி உண்டு, ஒரு ரூபாய்கூட வருமானம் கிடையாது. கூலியைக் குறைக்கிறது எப்படின்னு யோசிக்கிறவங்க, தூக்குறதைக் குறைக்கிறது எப்படின்னு யோசிக்கிறதில்லை.

தவிட்டுக்கும் ஒரு வார்த்தை. பச்சரிசித் தவிடு அரைச்ச சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும். அதில் இருக்கும் நொதி எண்ணெயை உடைச்சு, காறல் வாசனை கொண்டுவரும். எண்ணெய் ஆலைக்காரர் அதுக்கேத்த மாதிரி விலையைக் குறைப்பார். புழுங்கல் தவிடு, அவிக்கிற சூட்டில் அந்த நொதி செத்துப்போறதால கொஞ்சம் தாங்கும், எண்ணெயும் அதிகம். ரெண்டையும் ஒரே மூலையில் வாரக்கணக்கா குவிச்சு வெச்சிருக்கிற மில்கள் உண்டு.

26 கிலோ மூட்டையின் ரகசியம்

வீட்டுக்கு அரிசி வாங்கும்போது மூட்டையில் 26 கிலோன்னு போட்டிருக்கிறதைக் கவனிச்சிருக்கீங்களா? 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5% ஜி.எஸ்.டி. 25-ஐத் தாண்டினா கிடையாது. அடுத்த சில வாரங்களில் தமிழ்நாட்டு மில்கள் 26 கிலோ மூட்டைக்கு மாறிட்டாங்க. சட்டத்துக்கு உட்பட்ட, சாமர்த்தியமான முடிவு.

ஆனா இதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. வரி இல்லாத அரிசியை விற்றால், மெஷினுக்கும் சாக்குக்கும் உதிரி பாகத்துக்கும் கட்டின ஜி.எஸ்.டி-யைத் திரும்ப எடுக்க முடியாது. அது செலவில் சேரும். மறுபக்கம், சென்னையிலும் பெங்களூருவிலும் ரெண்டு பேர் இருக்கும் வீட்டில் 26 கிலோ மூட்டையை வைக்க இடமும் இல்லை, தீர்க்க ஆளும் இல்லை. அவங்க கேட்பது 5 கிலோ. வரியோட விற்றாலும் 5 கிலோ பாக்கெட்டில் கிலோவுக்கு நிற்கும் லாபம் அதிகமா, குறைவா? "எல்லாரும் 26-க்கு மாறினாங்க, நாங்களும் மாறினோம்" என்பது பதில் இல்லை. ரெண்டு வழியிலும் ஒரு மாசம் எழுதிப் பார்த்தாதான் தெரியும்.

கடன் இன்னொரு ஓட்டை. மளிகைக் கடைக்காரருக்குச் சரக்கு போட்டு, 60 நாள், 90 நாள்னு காத்திருந்து, நடுவில் நெல் வாங்க வட்டிக்கு வாங்குற மில்லில், லாபம் பூரா வட்டிக்காரருக்குத்தான். 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்த வருமான வரி விதி ஒண்ணு இங்கே உதவும். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளர்கிட்ட வாங்கினவர், ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லைன்னா 15 நாளுக்குள்ளும் பணம் கொடுக்கணும். தாமதமானா, பணம் கட்டுற வருஷம் வரை அதைச் செலவா காட்ட முடியாது. பெரிய மொத்த வியாபாரிக்கு இது உறைக்கும். தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சிக்கு உறைக்காது. அவர்கிட்ட விதி பேசினா அடுத்த லோடு வேற மில்லிலிருந்து இறங்கும். அங்கே செய்ய முடிஞ்சது, யார் யார் எத்தனை நாளில் கொடுக்கிறாங்கன்னு எழுதி, 90 நாள்காரருக்குக் கொடுக்கும் விலையில் அந்த வட்டியைச் சேர்ப்பதுதான்.

மெஷின் வாங்கவா, மீட்டர் வாங்கவா?

இன்ஜினீயரிங் முடிச்சு அப்பாவின் மில்லுக்குள் வர்ற பிள்ளைங்க முதலில் கேட்பது கலர் சார்ட்டர். கறுப்பு மணியைக் கேமரா பார்த்து ஊதித் தள்ளும் மெஷின். ஆசை தப்பில்லை. பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் 35% மானியம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனா மானியம் 35-ன்னா மீதி 65 நம்ம கடன், நம்ம காசு. கறுப்பு மணி ஏன் வருது? பெரும்பாலும் ஈர நெல் குவியலில் சூடேறிப் புழுங்குறதாலதான். வாசலில் ஈரத்தை அளக்காம உள்ளே கேமரா வெச்சா, பல லட்சம் செலவில் நம்ம தப்பைப் பொறுக்கி எடுக்கிறோம். 6 மாச எடைக் கணக்கு கையில் இல்லாத மில், மானியத்துக்கு விண்ணப்பம் போடுறதைத் தள்ளிவைக்கலாம்னுதான் சொல்லத் தோணுது.

கேட்டுத் தெரிஞ்சுக்க வெளியூர் போக வேண்டியதில்லை. தஞ்சாவூர் புதுக்கோட்டை ரோட்டில் இருக்கும் நிஃப்டெம், உணவு பதப்படுத்துதலுக்கான மத்திய அரசின் நிறுவனம். மேலே சொன்ன திட்டத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசனை தர்ற இடமும் அதுதான். அதோட தொடக்கமே ஈர நெல்தான். 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சின்ன ஆய்வுக்கூடமா ஆரம்பிச்சாங்க. குறுவை அறுவடையில் மழை நனைச்ச நெல்லை எப்படிக் காப்பாத்துறது என்பதுதான் அன்னிக்கு அவங்களுக்குக் கொடுத்த கேள்வி. அப்புறம் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகி, தஞ்சாவூருக்கு வந்து, பல பெயர்கள் மாறி, இப்போ நிஃப்டெம். அந்த நிறுவனத்து பஸ் ஸ்டாப்பைத் தாண்டித்தான் இன்னிக்கும் ஈர நெல் லாரி போகுது.

மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கறுப்பு கவுனின்னு இன்ஸ்டாவில் பாரம்பரிய அரிசி விற்கும் புது பிராண்டுகளுக்கும் இதே கணக்குதான், இன்னும் கறாரா. திருத்துறைப்பூண்டியில் 170-க்கும் மேற்பட்ட ரகங்களைத் தேடிச் சேர்த்து நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் 2018-ல் மறைந்தார். அவர் மீட்ட ரகங்களை இன்னிக்கு நீங்க ஆன்லைனில் ஆர்டர் பண்ணலாம். ஆனா பாலிஷ் குறைஞ்ச அரிசி சீக்கிரம் வண்டு பிடிக்கும். 14 சதவிகிதத்துக்கு மேல் ஈரத்தோட பாக்கெட் போட்டா இன்னும் சீக்கிரம். ஒரு பாக்கெட் திரும்பி வந்தா கூரியர் செலவு ரெண்டு பக்கம், அரிசி விலை, ஒரு ஸ்டார் ரிவ்யூ. பேக்கேஜிங் டிசைனுக்குச் செலவழிச்ச அளவு யோசனையை, பாக்கெட்டை ஒட்டுறதுக்கு முன்னாடி ஈரம் பார்க்கிறதுக்கும் செலவழிச்சா நல்லது.

ஆரம்பிக்க சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். போனில் ஒரு ஷீட், குவியலுக்கு ஒரு வரி. தேதி, ரகம், வந்த எடை, வந்த ஈரம், கொடுத்த விலை, அரைக்கும்போது ஈரம், அரிசி, நொய், தவிடு, உமி. அப்பா நோட்டில்தான் எழுதுவார்னா நோட்டே போதும், ராத்திரி போட்டோ எடுத்து நீங்க ஏத்துங்க. முதல் ரெண்டு வாரம் கணக்கு 100-ஐத் தொடவே தொடாது. எடை மெஷின் சரியில்லைன்னு சண்டை வரும். ஆகட்டும், அப்போதான் எடை மெஷினைச் சரிபார்ப்பாங்க.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழையில் சம்பாவும் தாளடியும் மூழ்கி எழுந்துச்சு. தை, மாசியில் அறுவடை. அறுவடை மெஷின் காலைப் பனி உலர்றதுக்குள்ள வயலில் இறங்கிடும், வாடகை மணிக்கணக்கு என்பதால் யாரும் காத்திருக்க மாட்டாங்க. முதல் லோடு மில் வாசலுக்கு வரும்போது எத்தனை சதவிகிதம் இருக்கும்னு முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.